சிலேட்டுக் கல் இறங்கிய வழி: வேல்ஸ் மலையில் நான்கு நாள்

முதல் நாள்: பிளைனாய் ஃபெஸ்டினியோக்

மாமா ஊரிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. லண்டன் போய் அரண்மனை, கோட்டை, பாலம் எல்லாம் காட்டியாயிற்று. எதிலும் அவர் மனம் ஒட்டவில்லை. மான்செஸ்டரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகிற ரயில் பாதையைத்தான் ஜன்னல் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திருவாரூர் பக்கம் மீட்டர் கேஜ் பாதையில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாகி, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் தண்டவாளத்தோடு வாழ்ந்த மனிதருக்கு அரண்மனை எதற்கு?

"செத்துப் பிழைச்ச ரயில் ஒண்ணு இருக்கு மாமா, போகலாமா?" என்று கேட்டேன். அன்று ராத்திரியே பையைக் கட்டிவிட்டார்.

இந்த ஃபெஸ்டினியோக் ரயிலைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கடலோரம் இருக்கும் போர்த்மடோக் ஊரில் ஏறி மலைக்குப் போய்த் திரும்புவார்கள். நாங்கள் தலைகீழாகத் திட்டம் போட்டோம். முதலில் மலை உச்சி ஊரான பிளைனாய்க்குப் போய், அங்கிருந்து கடலுக்கு இறங்குவது. இந்தப் பாதை ஏன் போடப்பட்டதோ அந்தத் திசையிலேயே பயணம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

லாண்டிட்னோ ஜங்ஷனில் வண்டி மாறி கான்வி ஆற்றங்கரையோரமாக மேலே ஏறினோம். பசும்புல், ஆட்டு மந்தை, ஓக் மரம், ஓடை. கடைசியில் இரண்டு மைலுக்கு மேல் நீளமான ஒரு சுரங்கப்பாதை. உள்ளே போகும்போது பச்சை, வெளியே வரும்போது சாம்பல் கலந்த நீலம். இரண்டு பக்கமும் மலை மலையாக உடைந்த கல். வீட்டுக் கூரை, வேலி, படிக்கட்டு, கல்லறை எல்லாமே அதே கல்தான். தூறல் வேறு. ஈரம் பட்டால் இந்தக் கல் மினுமினுக்கிறது. மாமா ஒரு சில்லை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். "இது நாங்க பள்ளிக்கூடத்துல எழுதின சிலேட்டு இல்ல?" என்றார். அதே வகைக் கல்தான்.

இந்த மலைப் பகுதிக்கு 1951இல் தேசியப் பூங்கா எல்லை வகுத்தபோது, பூங்காவின் நடுவில் ஓட்டை போட்டதுபோல் இந்த ஊரை மட்டும் விட்டுவிட்டார்கள். கற்குவியல் அழகைக் கெடுக்கிறதாம். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த வடமேற்கு வேல்ஸ் சிலேட்டு நிலப்பரப்பில் இதே ஊரும் இருக்கிறது. எழுபது வருஷத்தில் அழகு என்பதற்கு அர்த்தம் மாறிவிட்டது. எனக்கு இந்த ஊர் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று.

மதியம் லெக்வெத் சுரங்கத்துக்குப் போனோம். 1846இல் தொடங்கிய இடம். செங்குத்தாக இறங்கும் கம்பிவட வண்டியில் உட்கார்ந்து பூமிக்குள் போனால் கோயில் மண்டபம் போலப் பெரிய பெரிய அறைகள். தொழிலாளிகள் தொடையில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு, பாறைச் சுவரில் தொங்கியபடி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் துளை போட்டிருக்கிறார்கள். அந்த மெழுகுவத்திக்கும் அவர்கள் கூலியிலிருந்துதான் காசு. சாப்பாட்டு நேரத்தில் 'கபான்' என்ற சின்ன அறையில் கூடி அரசியல், வேதாகமம், கவிதை என்று விவாதம் செய்வார்களாம். மேலே கொண்டுவந்த கல்லை உளி வைத்து மெல்லிய ஏடுகளாகப் பிளப்பதைச் செய்து காட்டினார்கள். புத்தகத்தின் பக்கம் பிரிவது போல் பிரிந்தது. அளவுக்கு ஏற்ப அந்த ஓடுகளுக்கு 'டச்சஸ்', 'கவுண்டஸ்', 'லேடி' என்று சீமாட்டிகளின் பெயர். சீமாட்டி வீட்டுக் கூரை எது, ஏழை வீட்டுக் கூரை எது என்று மழைக்குத் தெரியுமா என்ன.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1842இல் தீப்பிடித்து எரிந்தது. மறுபடி கட்டியபோது கூரைக்கு இங்கிருந்துதான் ஓடு போயிற்று. அத்தனை கல்லும் மலையிலிருந்து எப்படிக் கடலுக்குப் போனது? அதைத்தான் நாளை பார்க்கப் போகிறோம்.

தங்கும் இடத்தில் முன்பதிவு தவறிப்போய், கடைசியில் ஒரே அறைதான் கிடைத்தது. மாமா சுவரோரக் கட்டிலில் குறட்டை விட, நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள்: மலை இறக்கம்

இன்று நிறைய எழுத வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளைனாய் நிலையத்தில் பெரிய ரயிலும் குட்டி ரயிலும் பக்கத்துப் பக்கத்து நடைமேடையில் வந்து நிற்கின்றன. குட்டி ரயிலின் தண்டவாள அகலம் 597 மில்லிமீட்டர், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. மாமா குனிந்து கையால் சாண் போட்டு அளந்தார். "நம்ம மீட்டர் கேஜே இதுக்கு அண்ணன்" என்று சிரித்தார்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். ரயில் வருவதற்கு முன், சிலேட்டைக் குதிரை முதுகிலும் கட்டை வண்டியிலும் ஏற்றி டுவிரிட் ஆற்றுக்குக் கொண்டுபோய், அங்கே படகில் மாற்றி, பிறகு கப்பலில் மாற்றி அனுப்பினார்கள். ஒவ்வொரு மாற்றலிலும் ஓடு உடையும். 1832 மே 23இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்த ரயில் கம்பெனிக்காகத் தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தில் ஊர்ப் பெயரை ஒரே ஒரு 'எஃப்' போட்டு எழுதிவிட்டார்கள். வேல்ஸ் மொழியில் ஒற்றை 'எஃப்' 'வ' போல ஒலிக்கும். இரட்டை 'எஃப்'தான் ஃபெஸ்டினியோக்கின் முதல் எழுத்து. கம்பெனியின் சட்டப் பெயரில் அந்தப் பிழை இன்றும் இருக்கிறது. இந்த மொழியில் 'இரட்டை எல்' என்று ஓர் ஒலியும் உண்டு. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, இரண்டு பக்கமும் காற்றை விட வேண்டும். கடைக்கார அம்மா மூன்று தடவை சொல்லிக்காட்டியும் எனக்கு வரவில்லை. பதிலுக்கு நான் 'ழ' சொல்லிக் கொடுத்தேன். அவருக்கும் வரவில்லை. இரண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம்.

1836 ஏப்ரல் 20இல் பாதை திறந்தது. அப்போது எஞ்சினே கிடையாது. ஜேம்ஸ் ஸ்பூனர் என்பவர் மலைச்சரிவை ஒட்டி, பாறையை வெட்டியும் கல்லை அடுக்கியும், பதின்மூன்றரை மைலில் பெரும்பாலான தூரம் சீராக இறங்குகிற மாதிரி பாதை வகுத்திருந்தார். சரிவு சுமார் எண்பது அடிக்கு ஓர் அடி. சிலேட்டு ஏற்றிய வண்டிகள் பிரேக்கை விட்டால் போதும், தானே கடல் வரை ஓடிவிடும். பிரேக் பிடிக்க ஆட்கள் மேலே உட்கார்ந்து வருவார்கள். கூடவே கடைசியில் ஒரு வண்டியில் குதிரைகளும் நின்றுகொண்டு இறங்கும், தீனி தின்றபடி! கீழே போனதும் அதே குதிரைகள் காலி வண்டிகளை மேலே இழுத்துவர வேண்டும். இறங்கும்போது குதிரைக்கு ஓய்வு, ஏறும்போது வேலை. இதைச் சொன்னதும் மாமா ரயிலுக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டார். "சரிவு அளந்தவன் கையில முத்தம் கொடுக்கணும்" என்றார். பாதை வேலை செய்தவருக்குத்தான் தெரியும், நீர்மட்டம் மாதிரி ஒரே சரிவைப் பதின்மூன்று மைல் பிடித்துக்கொண்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்று.

வண்டி கிளம்பி டனகிரிஷாய் தாண்டியதும் இடது பக்கம் ஒரு பெரிய ஏரி. ஸ்ட்ராடாய் ஏரி. இந்த ஏரிதான் இந்தக் கதையின் வில்லன் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது பாவம், மின்சாரத்துக்காகக் கட்டிய தேக்கம். மேலே ஸ்டூலன் அணை, கீழே இந்த ஏரி. மின்தேவை குறைந்த ராத்திரியில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும் நேரத்தில் திறந்துவிட்டு 360 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். 1963இல் வேலைக்கு வந்தது. பழைய ரயில் பாதையும், மொயில்வின் மலையைக் குடைந்து 1842இல் திறந்த சுரங்கப்பாதையின் வடக்கு முனையும் இந்த ஏரிக்குள் மாட்டிக்கொண்டன.

ரயில் எப்போது செத்தது என்று இன்னும் சொல்லவில்லையே. கூரைக்கு மலிவான ஓடுகள் வந்தன, சிலேட்டுக்குக் கிராக்கி குறைந்தது. பெரிய ரயில் கம்பெனிகள் 1879லும் 1883லும் இந்த ஊர் வரை வந்து சரக்கில் பங்கு பிடித்தன. லாரி வந்தது. உலகப் போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 15இல் பயணிகள் வண்டி நின்றது. 1946 ஆகஸ்ட் 1இல் சரக்கும் நின்றது. ஆட்கள் கருவியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எஞ்சின்கள் கொட்டகையில், வண்டிகள் நின்ற இடத்தில், புல் முளைத்தது.

இங்கேதான் அந்த 1832ஆம் வருஷத்துச் சட்டம் காப்பாற்றியது. ரயில் பாதை போட அனுமதி கொடுத்த சட்டம், அதை மூடிவிட்டுப் பிடுங்கி எடுக்க அனுமதி கொடுக்கவில்லை. அதற்கு இன்னொரு சட்டம் வேண்டும், செலவு ஆகும். கையில் காசில்லாத கம்பெனி சும்மா இருந்துவிட்டது. தண்டவாளத்தைப் பழைய இரும்புக்கு விற்க யாருக்கும் உரிமை இல்லை. முட்புதருக்கு அடியில் ரயில் அப்படியே கிடந்தது. மற்ற ஊர்களில் ஒரு மாதத்தில் பிடுங்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள். தன் பாதையில் தண்டவாளத்தைக் கழற்றும் வேலையைச் செய்ய வேண்டி வந்தவர் மாமா. அகலப்பாதைக்காகத்தான், நல்ல காரியம்தான். இருந்தாலும் இந்தச் சட்டக் கதையைக் கேட்டதும் ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தார்.

1951இல் வேல்ஸிலேயே டாலிஹ்லின் என்ற இன்னொரு குட்டி ரயிலைத் தன்னார்வலர்கள் எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். உலகத்திலேயே அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அதே வருஷம் லெனர்ட் ஹீத் ஹம்ஃப்ரிஸ் என்ற இளைஞர் இந்த ஃபெஸ்டினியோக் ரயிலையும் காப்பாற்ற வேண்டும் என்று பிரிஸ்டல் நகரத்தில் ஒரு கூட்டம் கூட்டினார். பிறகு ஆலன் பெக்லர் என்பவர் தன் அப்பாவிடம் 3,000 பவுண்டு கடன் வாங்கி, 1954இல் கம்பெனியைக் கைக்குக் கொண்டுவந்தார். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை, அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். 1955 ஜூலை 23இல் போர்த்மடோக்கிலிருந்து ரயில் பட்டறை இருக்கும் பாஸ்டன் லாட்ஜ் வரை முதல் வண்டி ஓடியது. ஒரு மைல் தூரம்தான்! அடுத்த வருஷம் மின்ஃபோர்த். அதற்கடுத்து பென்ரின். 1958இல் டான்-அ-புல்க். புதர் வெட்டி வெட்டி மேலே ஏறினார்கள்.

அதற்குள் மேலே ஏரி வந்துவிட்டது. இனி பிளைனாய் ஊரை எட்டவே முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். மின்வாரியத்தோடு இழப்பீட்டு வழக்கு 18 வருஷம் இழுத்தது, 1972இல்தான் முடிந்தது. வழக்கு முடியட்டும் என்று தன்னார்வலர்கள் காத்திருக்கவில்லை. 1965 ஜனவரியில் குளிரில் மண்வெட்டியோடு மலையேறினார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க நாங்கள் தீயாலட் நிலையத்தில் இறங்கினோம். முன்கூட்டியே கார்டிடம் சொன்னால்தான் நிற்கும். இந்த நிலையத்துக்குச் சாலையே கிடையாது. ரயிலில் வரலாம், இல்லையென்றால் நடந்து வரலாம். வண்டி போன பிறகு ஓடைச் சத்தமும் ஆட்டுச் சத்தமும் மட்டும்தான்.

பக்கத்து மேட்டில் ஏறினால் எல்லாம் புரிகிறது. பழைய பாதை நேராகப் பழைய சுரங்கப்பாதைக்குப் போகிறது, அதன் மறுமுனைதான் நீருக்குள். புதிய பாதை ஏரிக்கு மேலே ஏற வேண்டும். ஏற இடம் வேண்டுமே! அதனால் ரயில் இந்த மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, தன் பாதைக்கு மேலேயே பாலம் போட்டுக் கடக்கிறது. பாம்பு சுருண்டு படுத்திருக்கிற மாதிரி. பிரிட்டனில் பொது ரயில் பாதை எதிலும் இப்படி ஒரு சுருள் வேறு கிடையாது. இதை வெட்டியவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், குமாஸ்தாக்கள், இஞ்சினியர்கள். வார விடுமுறைக்கு வந்து, கொட்டகையில் படுத்து, பகலெல்லாம் பாறை உடைத்து, ஞாயிறு ராத்திரி ஊருக்குத் திரும்பி, திங்கட்கிழமை வேலைக்குப் போனவர்கள். பக்கத்துப் பழைய மாளிகையில் குடியிருந்த கர்னல் கேம்ப்பெலுக்கு வெடிமருந்து உரிமம் இருந்தது, அவர் பாறைக்கு வெடி வைத்துக் கொடுத்தார். புதிய மலைச் சுரங்கப்பாதை மட்டும் தன்னார்வலர்களால் முடியாத வேலை; கார்ன்வாலிலிருந்து சுரங்கத் தொழிலாளிகளைக் கூலிக்கு வரவழைத்து 1975 முதல் 1977 வரை குடைந்தார்கள். 1978இல் டனகிரிஷாய், 1982 மே 25இல் பிளைனாய். 1832ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு 150 வயது நிறைந்த மாதம்.

மாமா கரையில் உட்கார்ந்து மண் அணையின் சரிவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சம்பளம் இல்லாம?" என்றார். "சம்பளம் இல்லாம" என்றேன். "சாப்பாடு?" "அவங்களே சமைச்சுக்குவாங்களாம்." சிறிது நேரம் கழித்து, "நாங்க மழையில ராத்திரி ரோந்து போறப்ப யாராவது ஒருத்தராவது கூட வரேன்னு சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். வருத்தமாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

அங்கிருந்து டான்-அ-புல்க் வரை ஓக் காட்டு வழியே நடந்தோம். மரத்திலும் பாறையிலும் பாசி பச்சைக் கம்பளம் மாதிரி படர்ந்திருக்கிறது. வழியில் 1863இல் கட்டிய ரயில்வே குடியிருப்பு ஒன்று. அந்த இடத்துப் பெயருக்கு 'ஓநாய்க் காடு' என்று அர்த்தம். அதையும் சாலையில் போய்ச் சேர முடியாது.

டான்-அ-புல்க் நிலையத்தில் சூடாகத் தேநீர் குடித்தோம். 1930களில் இங்கே நிலையப் பொறுப்பாளராக இருந்தவர் பெஸ்ஸி ஜோன்ஸ் என்ற பெண். உயரமான தொப்பியும் சால்வையுமாக வேல்ஸ் பாரம்பரிய உடையில் நின்று பயணிகளை வரவேற்பார். அவர் படம் போட்ட அஞ்சலட்டைகள் அந்தக் காலத்தில் வெகு பிரபலம். இது சுற்றுலா ரயிலாக மாறியது 1955க்குப் பிறகு என்று நான் நினைத்திருந்தேன். சிலேட்டு நலிந்த நாளிலேயே அந்த அம்மா தொடங்கிவிட்டிருக்கிறார். அவர் கணவர் வில் ஜோன்ஸ் இதே பாதையில் தண்டவாள வேலை பார்த்தவர். "அப்ப நம்ம ஆளு" என்றார் மாமா.

மூன்றாம் நாள்: பாஸ்டன் லாட்ஜ், கடல்

காலையில் டான்-அ-புல்க்கிலிருந்து இறங்கும் வண்டியைப் பிடித்தோம். இழுத்தது 'மெர்தின் எம்ரிஸ்', 1879இல் இதே ரயிலின் பட்டறையில் செய்த எஞ்சின். பார்த்தால் இரண்டு எஞ்சினை முதுகோடு முதுகு ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் புகைபோக்கி. நடுவில் நெருப்பு எரியும் அடுப்பு, அதற்கு ஒரு பக்கம் டிரைவர், மறு பக்கம் ஃபயர்மேன். அடியில் 'போகி' என்ற சக்கரச் சட்டம் இரண்டு, இரண்டிலும் சிலிண்டர். போகி தனித்தனியாகத் திரும்பும் என்பதால் இத்தனை வளைவிலும் பெரிய எஞ்சின் நெளிந்து போகிறது.

இதன் கதை உலகக் கதை. 1863இல் ஜேம்ஸ் ஸ்பூனரின் மகன் சார்லஸ் ஸ்பூனர் குட்டி நீராவி எஞ்சின்களைக் கொண்டுவந்தார். இவ்வளவு ஒடுக்கமான பாதையில் நீராவி எஞ்சின் ஓடாது என்று அப்போது பலரும் நினைத்தார்கள். அவற்றில் 'பிரின்ஸ்' இன்றும் இருக்கிறது. 1865இல் பயணிகள் சேவை, பிரிட்டனின் குறும்பாதைகளில் முதலாவது. சரக்கு பெருகியது, இரட்டைப் பாதை போட இடமில்லை. அப்போதுதான் ராபர்ட் ஃபேர்லி தன் இரட்டை எஞ்சின் யோசனையோடு வந்தார். 1869இல் 'லிட்டில் ஒண்டர்'. 1870 பிப்ரவரியில் நடந்த சோதனை ஓட்டத்தைப் பார்க்க ரஷ்யச் சக்கரவர்த்தியின் குழுவே இந்த மலைக்கு வந்தது. மலை நாடுகளில் செலவைக் குறைத்து ரயில் போடலாம் என்று உலகம் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் இந்தப் பாதை. நம் டார்ஜிலிங் ரயிலின் இரண்டடிப் பாதைக்கும் இதுதான் முன்னோடி. ஃபேர்லி தன் காப்புரிமையைப் பயன்படுத்த இந்தக் கம்பெனியிடம் மட்டும் காசு வாங்கவில்லை.

பாஸ்டன் லாட்ஜ் பட்டறைக்குள் போனதும் எண்ணெயும் நிலக்கரியும் கலந்த வாசனை. மாமா கண்ணை மூடி அதை இழுத்தார். இங்கே பழையதைத் துடைத்து வைப்பதோடு நிற்கவில்லை. 1979இல், 1992இல், அப்புறம் 2023இல் 'ஜேம்ஸ் ஸ்பூனர்' என்று புது இரட்டை எஞ்சின்களையே செய்திருக்கிறார்கள். ஒரு ரயிலை உயிரோடு வைத்திருப்பது என்றால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது இல்லை, அடுத்த எஞ்சினுக்கு ஆள் பழக்குவது என்று நான் இங்கேதான் புரிந்துகொண்டேன். கொல்லுப்பட்டறையில் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் சம்மட்டி பிடிக்க, எழுபது வயதுக்காரர் ஒருவர் இடுக்கியில் இரும்பைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பட்டறை வாசலிலிருந்து கடலுக்குக் குறுக்கே நீளும் கரைதான் 'காப்'. வில்லியம் மேடக்ஸ் என்பவர் 1811இல் கட்டி முடித்தார். அடுத்த குளிர்காலப் புயலிலேயே உடைத்துக்கொண்டது, மறுபடி கட்டினார்கள். கடலைத் தடுத்து நிலம் மீட்பதுதான் அவர் நோக்கம். திருப்பிவிட்ட ஆறு ஒரு பக்கமாகப் பாய்ந்து பள்ளம் பறித்ததில் துறைமுகம் தானாகக் கிடைத்தது. அந்தத் துறைமுகம்தான் போர்த்மடோக். முதல் எஞ்சின் சின்னதாகப் புகை விட்டு 1955இல் மறுபடி ஓடியதும் இந்தக் கரையின் மேல்தான். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புல்வெளி, தூரத்தில் மலை. நாங்கள் வண்டியில் ஒரு தடவை, நடந்து ஒரு தடவை, இரண்டு தடவை கடந்தோம்.

துறைமுகத்தில் இப்போது உல்லாசப் படகுகள். முன்பு சிலேட்டை இறக்கி அடுக்கிய மேடையில் இன்று வீடுகள்.

நான்காம் நாள்: பெட்கெலர்ட், மின்ஃபோர்த்

காலையில் போர்த்மடோக்கின் இன்னொரு குட்டி ரயிலில் பெட்கெலர்ட் வரை போய் வந்தோம். வெல்ஷ் ஹைலண்ட் பாதை. 1923இல் திறந்து 1937இல் மூடியது. போர்க்காலத்தில் 1941இல் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய பாதையை மறுபடி போட என்ன ஆகும் என்பதற்கு இதுதான் சாட்சி. 1997இல் தொடங்கி 2011 வரை ஆயிற்று, கனார்வன் வரை 40 கிலோமீட்டர். இழுப்பது தென்னாப்பிரிக்காவில் ஓடி ஓய்ந்த, காரெட் என்ற வகை நீராவி எஞ்சின்கள். அவற்றில் 143ஆம் எண், மான்செஸ்டரின் பேயர் பீகாக் தொழிற்சாலை செய்த கடைசிக் காரெட், 1958இல். எங்கள் ஊரில் பிறந்து ஆப்பிரிக்கா போய் வேல்ஸ் வந்து சேர்ந்திருக்கிறது. அபெர்கிளாஸ்லின் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி வண்டி போகும்போது பெட்டி முழுக்க அமைதி. அதை எழுத எனக்கு வார்த்தை போதாது, போய்ப் பாருங்கள்.

ஊர் திரும்ப மின்ஃபோர்த்தில் பெரிய ரயில் பிடிக்க வேண்டும். அங்கே குட்டி ரயில் நிலையம் மேலே, பெரிய ரயில் நிலையம் கீழே. ஒரு மணி நேரம் இருந்தது. மேல் நடைமேடையில் உட்கார்ந்தோம். ஏறும் வண்டி வந்து நின்றபோது, ஒருவர் டிரைவரிடம் உலோகத் தடி ஒன்றைக் கொடுத்தார். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டி வராது என்பதற்கு அந்தத் தடிதான் உத்தரவாதம். "நம்ம பால் டோக்கன்!" என்று மாமா எழுந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அது பிரம்பு வளையத்துப் பையில் வைத்த இரும்பு உருண்டை, ஆங்கிலத்தில் 'பால்'; இங்கே தடி. விஷயம் ஒன்றுதான்.

வண்டி போன பிறகு மாமா நடைமேடை ஓரத்துக்குப் போனார். குந்தி உட்கார்ந்தார். தலையைத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடி, தண்டவாளத்தின் மேல்விளிம்பை நீளவாக்கில் பார்த்தார். சின்ன வயதில் லைன் ஓரம் அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது இதே கோலத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

"பாப்பா, அங்க மூணாவது ஜாயிண்ட் தாழ்ந்திருக்கு. வண்டி போறப்ப குத்துச்சு, கேட்டியா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெரியவர் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் நின்றிருந்தார். வார விடுமுறைக்கு வரும் தன்னார்வலர், பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவராம். மாமா சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் திரும்பி அந்த இணைப்பைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்து விரித்துக் காட்டினார். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். நான்காவது வரியில் அந்த இணைப்பு இருந்தது.

மாமா இரண்டு கையாலும் கடப்பாரை பிடிப்பது போல் பிடித்து, சிலிப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியை எந்தக் கோணத்தில் குத்தி இறுக்குவது என்று செய்து காட்டினார். பெரியவர் தன் மண்வெட்டியைத் திருப்பி அதே மாதிரி செய்து, "இப்படியா?" என்று கேட்டார். இல்லை, இன்னும் சாய்த்து. மறுபடி செய்தார். மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை. கீழே எங்கள் ரயில் வரும் சத்தம் கேட்டபோதும் இரண்டு பேரும் அந்தக் கோணத்தைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.